ஜாதகம் இருக்கும் இடம்

தன் வீட்டு மத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் ஏராளம். பக்கத்து வீட்டு மத்து எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தவர் என் அனுபவத்தில் அந்த அம்மா ஒருவர்தான்.

இதை நான் நேரில் பார்த்தேன். ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளி அவருடைய தோட்டத்து வீடு. நான் போயிருந்தபோது கரண்ட் இல்லை. அந்த வருஷங்களில் இருந்தால்தான் ஆச்சரியம். என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு மோர் சிலுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து மத்து கேட்டாள்.

"என்ற மத்து எதுக்கு? உன்றது மாட்டுக் கொட்டாயில, கிழக்காலச் சுவத்து ஆணியில தொங்குது. போய்ப் பாரு."

"அங்க எதுக்குங்கக்கா மத்து போகுது?"

"நேத்து நீதான கழுவிக் காயப் போட்டே."

அந்தப் பெண் போனாள், திரும்பி வரவில்லை. கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த அம்மா அதைப் பெருமையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பொருள் என்று ஒன்று இருந்தால் அது ஒரு இடத்தில் இருக்கும், இடம் தெரியாவிட்டால் அந்தப் பொருள் இல்லை. இதுதான் அவருடைய சாஸ்திரம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது செல்லவில்லை. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவர்.

"போன மாசம் ராஜஸ்தானத்துல இருந்தாரு. இப்ப எங்கயோ" என்றார். அந்த 'எங்கயோ' என்ற சொல்லை வேறெந்தப் பொருளுக்கும் அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் ஆண்டவன் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

எண்பதுகளின் பிற்பாதி. நாமக்கல்லில் கையில் கொஞ்சம் பணம் புரண்டால் லாரி வாங்குவார்கள். லாரி இருப்பவர் கோழிப் பண்ணை வைப்பார். இரண்டும் இருப்பவர் ரிக் வண்டி வாங்குவார். எங்கள் முதலாளியிடம் மூன்றும் இருந்தன. வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்து, லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஒரு திருமணத் தகவல் நிலையம் திறந்தார். பெண், பிள்ளை ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குலக் கூட்டம், நட்சத்திரம் பார்த்துப் பொருத்தமானவர்களுக்குத் தபாலில் அனுப்புவோம். அதை இயக்க நான். நான் படித்தது வரலாறு. சேலத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். அங்கே நான் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிட, வாத்தியார் கரும்பலகையில் வரைந்த கம்ப்யூட்டரைத் துடைத்ததே அதிகம்.

அந்த அம்மா மகளின் ஜாதகத்தோடு வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். அதை என்னிடம் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு காட்டினார். நான் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். திரையில் கட்டம் கட்டமாக வந்ததைத் தாளோடு ஒப்பிட்டுச் சரி என்றார். நான் ஜாதகத்தைச் சேமித்த மறு விநாடி கரண்ட் போயிற்று. திரை இருண்டது.

"போச்சா?"

"போகலீங்கம்மா. உள்ள இருக்குது."

"உள்ளன்னா?"

பெட்டியைத் தட்டிக் காட்டினேன். எழுந்து வந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுக்குள்ள எங்க?"

நியாயமான கேள்வி. நான் ஒரு உதாரணம் சொன்னேன். உதாரணம் சொல்வது படித்தவனுக்கு உள்ள வியாதி. கம்ப்யூட்டரில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வேலை நடக்கும் இடம், கரண்ட் போனால் அது காலி. இன்னொன்று டிஸ்க், கரண்ட் போனாலும் அதில் உள்ளது அப்படியே இருக்கும்.

"சமையல் மேடையும் சாமான் ரூமும் மாதிரிங்கம்மா. சமைக்கிறப்ப மேடைக்கு எடுத்து வெப்பீங்க, முடிஞ்சதும் உள்ள வெச்சிருவீங்கல்ல?"

"செரி. மேடைக்கு எடுத்தா உள்ள இருக்காது."

"உள்ளயும் இருக்குங்க."

"எடுத்த பொறகுமா?"

"எடுக்கறதில்லீங்க. அதே மாதிரி ஒண்ணு மேடைக்கு வரும்."

"அப்ப என்ற புள்ளைக்கு ரெண்டு ஜாதகமா?"

"ஒண்ணுதானுங்க."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "சாமி, நீங்க மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றார்.

அதன் பிறகு ராசிபுரம் சந்தைக்கு நெய் கொண்டுவரும் நாட்களில் எல்லாம் பஸ் ஏறி நாமக்கல்லுக்கும் வந்துவிடுவார். மகளுக்கு இடம் வந்ததா என்று கேட்க அல்ல. ஜாதகம் இருக்கிறதா என்று பார்க்க. ஒருநாள் பொறுக்க முடியாமல் முதலாளியின் இரும்பு பீரோவிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துக் காட்டினேன். பெட்டிக்குள் இருப்பது ஹார்ட் டிஸ்க், அதைக் காட்ட முடியாது. அது கெட்டுப்போனால் உதவட்டும் என்று இந்த ஃபிளாப்பிகளில் எல்லா ஜாதகத்துக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறோம் என்றேன். கறுப்புச் சதுர உறை, நடுவில் ஓட்டை, ஓரத்தில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியாகத் தெரியும் பழுப்பு வட்டம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்தையே காணம்?"

"பாட்டு கேசட்டு மாதிரிங்க. காந்தப் பூச்சு. கண்ணுக்குத் தெரியாது."

"இதுல கிழக்கு எது?"

"வட்டத்துக்கு ஏதுங்கம்மா கிழக்கு? அதுவும் சுத்திட்டே இருக்கும்."

"ஜாதகத்தைச் சுத்த உடறீங்களா!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சற்றுப் பொறுத்து, "செரி. என்ற புள்ளைக்குப் பக்கத்துல யாரு?" என்றார்.

"பக்கத்துலன்னா?"

"அதுல பக்கத்துல எந்தப் புள்ள ஜாதகம் இருக்குது? மூல நட்சத்திரம் கீது இருந்தா கொஞ்சம் தள்ளி வெச்சிருங்க சாமி."

இதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கே ஐயம் வந்துவிட்டது. மெஷின் பார்க்கச் சேலத்திலிருந்து வரும் என்ஜினியரிடம் கேட்டேன். நூலகத்தில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகத்தையும் படித்தேன். முன்னே எனக்குப் புரியாமல் இருந்தது; இப்போது விவரமாகப் புரியாமல் போயிற்று. பக்கத்தில் பக்கத்தில் வைப்பதெல்லாம் கம்ப்யூட்டரின் வழக்கம் இல்லையாம். காலி இடம் கிடைத்த இடத்தில் ஒரு துண்டு, இன்னொரு இடத்தில் இன்னொரு துண்டு என்று வைக்குமாம். எந்தத் துண்டு எங்கே என்பதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுமாம்.

அடுத்த முறை இதை அவரிடம் சொல்லிவைத்தேன்.

"உடைச்சா வெச்சிருக்கீங்க? என்ற புள்ள ஜாதகத்த?"

"உடைக்கறதில்லீங்க, பிரிச்சு..."

"ராசிக் கட்டம் ஒருபக்கம், நவாம்சம் ஒருபக்கமா?"

"இருக்கலாமுங்க."

அவர் படியிறங்கிப் போனார். வேறு நிலையத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அவர்கள் ஊர் ஜோசியரிடம் கேட்டிருக்கிறார். ஜோசியர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "படிக்கறப்ப ஒண்ணா வந்துருமா?" என்று கேட்டாராம். வந்துவிடும் என்று தம்பி சொல்கிறது என்றாராம் இவர். "வந்துருச்சுன்னா தோஷமில்ல" என்று ஜோசியர் தீர்ப்பளித்தாராம். நான் இன்றுவரை படித்த விளக்கங்களில் அதைவிடத் தெளிவானது இல்லை. ஜோசியரைச் சேலம் வகுப்பில் போட்டிருக்கலாம்.

மகளுக்கு இடம் அமைந்தது. எங்கள் மூலமாக அல்ல; சொந்தத்தில் யாரோ சொல்லித் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல குடும்பம். எங்கள் முதலாளி மட்டும் 'நமது கம்ப்யூட்டரின் வெற்றி' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படியேறி வந்தார்.

"எடுத்துக் குடுத்துருங்க சாமி."

"எதைங்க?"

"ஜாதகத்தத்தான். நிச்சயமான புள்ள ஜாதகம் வெளிய சுத்தக் கூடாது. அங்க இங்க குடுத்ததெல்லாம் வாங்கியாச்சு. உங்ககிட்டத்தான் பாக்கி."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றை எப்படி எடுத்துக் கையில் கொடுப்பது? யோசித்து, பிரிண்டரில் ஒரு பிரதி அடித்துக் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே பெட்டியில் இருந்ததை அழித்தேன். காகிதத்தை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது. எழுந்தவர் ஏனோ நின்றார்.

"அழிச்சேன்னீங்களே, அது எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்கம்மா. அழிஞ்சிருச்சு."

"எங்கயும் போகலைன்னா இங்கதான இருக்கோணும்?"

நான் வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கேள்விக்கும் என்ஜினியரிடம் பதில் இருந்தது. "டெலீட் பண்ணா போயிடும்னு நெனச்சியா? பேர்ல மொதல் எழுத்த மட்டும் அழிச்சிட்டு, இந்த எடம் காலின்னு சொல்லிக்கும். உள்ள இருக்கிறது அப்படியேதான் கெடக்கும், வேற ஒண்ணு வந்து மேல ஒக்கார்ற வரைக்கும்" என்றார். இதை அந்த அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் ஆபத்து அந்தத் திசையிலிருந்து வரவில்லை.

ஹார்ட் டிஸ்க் ஒரு காலையில் தொண்டையைக் கனைத்தது. பிறகு பேசவில்லை. என்ஜினியர் வந்து இரவலாக வேறொரு டிஸ்க்கைப் பொருத்தி, பீரோவில் இருந்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எல்லா ஜாதகங்களையும் மீட்டுவிட்டார். எல்லாம் என்றால் எல்லாம். யாரை எப்போது அழித்தோம் என்பது ஃபிளாப்பிக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூடக் கன்னிகளாகத் திரும்பி வந்தார்கள். போன உயிர் வந்த சந்தோஷத்தில் முதலாளி, "இந்த மாசம் பதிஞ்சிருக்கற எல்லாத்துக்கும் அனுப்பிரு!" என்று உத்தரவிட்டார். பிரிண்டர் பகல் முழுக்க அலறியது. மறுநாள் இரவல் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு என்ஜினியர் கழற்றிக்கொண்டு போனார். புதியது மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அதுவரை அந்த வட்டாரத்துக் கல்யாணங்கள் முழுவதும் பீரோவில் இருந்த ஃபிளாப்பிகளில்தான்.

அந்த வாரமே அந்த அம்மா வந்தார். உட்காரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா தன் சொந்த மகனுக்காக எங்களிடம் பதிந்திருக்கிறார். எங்கள் உறை அவருக்கும் போயிருக்கிறது. பிரித்தால், தம்பி மகனுக்கு நிச்சயமான பெண்ணின் ஜாதகம். இவர்கள் இன்னும் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று அந்த வீட்டில் பேச்சு. கல்யாணத்தை நிறுத்திவைக்கலாம் என்கிறார்கள். வடக்கே இருக்கும் புருஷனுக்குச் சேதி போய் அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அழித்தது ஃபிளாப்பியிலிருந்து திரும்பி வந்த கதையை நான் சொன்னேன்.

"நீங்க வந்து நடந்ததச் சொல்லுங்க சாமி. அந்தக் கறுப்பு அட்டைகளையும் எடுத்துக்கங்க. கண்ணுல காட்டுனாத்தான் நம்புவாங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். திட்டவில்லை. எனவே, உலகத்தில் இருந்த ஒரே நகலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, திருச்செங்கோடு பஸ்ஸில், கோழி முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஆண்கள் பெஞ்சிலும் நாற்காலியிலும் இருந்தார்கள். பெண்கள் உள்வாசலில். பெரியப்பா பெரிய உருவம். முன்னால் வெற்றிலைத் தட்டு, மடியில் எங்கள் உறை.

"ஏனம்மிணி, தட்டு மாத்துன பொறகும் புள்ளைக்கு வேற எடம் பாக்கறீங்களா?"

"இல்லீங்கண்ணா. எடுத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். இந்தாங்க." சுருக்குப் பையிலிருந்து நான் அடித்துக் கொடுத்த காகிதத்தை எடுத்து வைத்தார்.

"அப்ப இது ஏது?" பெரியப்பா உறையைத் தூக்கிக் காட்டினார்.

"அதத் தம்பி சொல்லுவாரு."

தம்பி சொன்னான். சமையல் மேடை, சாமான் அறை, பாட்டு கேசட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க அழிச்சீங்களா, இல்லையா?"

"அழிச்சேனுங்க."

"அப்ப இல்ல."

"இருந்துச்சுங்க. நகல்ல."

"நகல ஏன் அழிக்கல?"

"அழிஞ்சா உதவட்டும்னு வெச்சதுங்க."

"ஆக, அழிச்சாலும் மறுபடி வரட்டும்னே வெச்சிருந்தீங்க."

"ஆமாங்க" என்றேன். கூடத்தில் சலசலப்பு. அந்த இடத்தில் நானே, இதில் ஏதோ சதி இருக்கிறது, அதில் நானும் சேர்ந்திருக்கிறேன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அந்த அம்மாதான் பேசினார். "அண்ணா, இவரப் பாருங்க. பொய் சொல்றவரு இப்படியா ஒளறுவாரு? பொய்யின்னா ஒரு சீரா இருக்குமல்லங்க?"

பெரியப்பா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் போய் இரக்கம் வந்ததை நான் கவனித்தேன். வாழ்க்கையில் என் குழப்பத்தால் ஒருவருக்கு நன்மை நடந்தது அந்த ஒருமுறைதான்.

"செரி, ஒளறிட்டுப் போவுது. அதுல இருக்கறத எங்கண்ணு முன்னால ஒழிச்சுருங்க. இனி எந்த ஊட்டுக்கும் போகப்படாது. அப்பத்தான் மேக்கொண்டு பேச்சு." பாக்குவெட்டியைக் கையில் எடுத்தார். "எதுல இருக்குது?"

ஃபிளாப்பிகளைப் பையிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "எதுலன்னு மெஷின் இல்லாமச் சொல்ல முடியாதுங்க."

"அப்ப எல்லாத்தையும் வெட்டிப்போடறேன்" என்று மேலே இருந்ததை எடுத்துப் பாக்குவெட்டியின் வாயில் கொடுத்தார். ஒரு அழுத்தம்தான் பாக்கி.

"தம்பி," அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இதுல இருக்கற மத்த புள்ளைக?"

"எல்லாரும் இதுலதானுங்க."

"வேற எங்கயும் இல்லையா?"

"இப்போதைக்கு இல்லீங்கம்மா."

அவர் எழுந்து போய், பெரியப்பா பிடித்திருந்த பாக்குவெட்டியின் இரண்டு பிடிகளுக்கும் நடுவில் தன் கையை வைத்தார். சம்பந்தி வீட்டு ஆண்பிள்ளையின் கையை அப்படித் தடுப்பது அந்தக் கூடத்தில் யாரும் பார்த்திராத காரியம். உள்வாசலில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.

"வெட்ட வேண்டாங்கண்ணா."

"ஏனம்மிணி? ஊரான் புள்ளைகளுக்காவ உம்புள்ள கல்யாணம் நின்னாலும் பரவால்லையா?"

"பரவால்லைன்னு எப்படிங்க சொல்லுவேன்? நான் நாயா அலைஞ்சனே, அப்படித்தான அவங்களும் அலைஞ்சு கொண்டாந்து குடுத்திருப்பாங்க. எத்தன பேரு ஊட்டுல நாளைக்கு உறை வரும்னு உக்காந்திருக்காங்களோ."

"உம்புள்ளையோடதும் அதுல இருக்குதே. மறுபடி எவனூட்டுக்காச்சும் போச்சுன்னா?"

அவர் அந்த உறையைக் காட்டினார்.

"அழிச்சும் போகாம, உடைச்சு வெச்சும் உடையாம, எங்கெங்கயோ சுத்தி, கடைசில உங்க ஊட்டு வாசலுக்குத்தானுங்கண்ணா வந்து நிக்குது. அதுக்கே வேற எடம் தெரியல. நாங்க எங்க போய்ப் பாக்கறது?"

முதலில் சிரித்தது உள்வாசலில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா சிரிக்கவில்லை. ஃபிளாப்பியைப் பாக்குவெட்டியிலிருந்து மெதுவாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, எம்பையனோடதும் இதுலயா இருக்குது?"

"இருக்கலாமுங்க."

"இருக்கலாம்னா?"

"இருக்குதுங்க. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாம். பத்திரமா எடுத்து வையிங்க."

தட்டில் இருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, பாக்குவெட்டியில் வைத்துச் 'சடக்' என்று வெட்டினார். இரண்டு வெற்றிலையைத் துடைத்து அதன்மேல் பாக்கை வைத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்ப முகூர்த்தக்காலுக்கு வந்துருவீங்கல்லங்கண்ணா?"

"பின்ன? நாங்க வராம, இந்தத் தம்பியோட டப்பாவா வரும்?" என்றார் பெரியப்பா.